ஒருவருக்கென்று ஒரு கதை

கதைப் பரிமாற்றத்தில் சேரும் ஒவ்வொருவரும் ஒரு சிறுகதை எழுதித் தருகிறார். ஒரு சிறுகதையைப் பெற்றுக்கொள்கிறார். தருவது ஒருவருக்கு, பெறுவது வேறொருவரிடமிருந்து. யார் யாருக்கு எழுதுகிறார் என்பது ஒருங்கிணைப்பாளருக்கு மட்டுமே தெரியும். பணம் கைமாறுவதில்லை. நடுவர் கிடையாது, முதல் பரிசு, ஆறுதல் பரிசு எதுவும் கிடையாது. தமக்கு எப்படிப்பட்ட கதை வேண்டும், தம்மால் எப்படிப்பட்ட கதை எழுத முடியும் என்ற இரண்டையும் சேரும்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இரண்டையும் பொருத்திப் பங்கிட்டுக் கொடுப்பது ஒருங்கிணைப்பாளரின் வேலை. குறித்த நாளில் எல்லாக் கதைகளும் ஒன்றாகத் திறக்கப்படும். எழுதியவர் பெயர் சில நாள் கழித்துத்தான் வெளிவரும்.

கேட்பதற்கு மொய் போலத் தோன்றும். மொய்க்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. மொய் நோட்டில் யார் எவ்வளவு எழுதினார் என்பது இருக்கும். எழுதியவர் வீட்டு விசேஷம் வரும்போது அதே வீட்டுக்குத் திருப்பிச் செய்தாக வேண்டும். கதைப் பரிமாற்றத்தில் கடன் எந்தத் தனிமனிதர் மீதும் நிற்பதில்லை, வட்டத்தின் மீது நிற்கிறது. பசிபிக் பெருங்கடலின் துரோபிரியாண்டு தீவினர் நடத்திய ‘குலா’ வட்டத்தை மலினோவ்ஸ்கி 1922இல் விவரித்தார். அங்கே சங்குக் கழுத்தணிகள் தீவு தீவாக ஒரு திசையில் சுற்றி வரும், கைவளைகள் எதிர்த்திசையில் சுற்றி வரும். அதைப் படித்துவிட்டு 1925இல் அன்பளிப்பு பற்றி எழுதிய பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ், கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பிச் செய்வது என்ற மூன்று கடமைகள் எந்த அன்பளிப்பிலும் ஒளிந்திருக்கின்றன என்றார். கதைப் பரிமாற்றம் இந்த மூன்றையும் ஒளிக்காமல் விதியாகவே எழுதி வைக்கிறது.

ஆங்கில உலகில் இதன் பெரிய எடுத்துக்காட்டு ‘யூல்டைடு’. 2003இல் தொடங்கி ஆண்டுதோறும் நடக்கும் அதில், பிறர் படைத்த நாவல், திரைப்படம், பழங்கதை ஆகியவற்றின் மாந்தரை வைத்து ரசிகர்கள் ஒருவருக்கொருவர் கதை எழுதுகிறார்கள். அதிகம் பேர் கவனிக்காத படைப்புகளுக்கே அங்கு இடம். ஒரு கதை குறைந்தது 1000 சொல் இருக்க வேண்டும். டிசம்பர் 25 அன்று கதைகள் திறக்கப்படும். ஜனவரி 1 அன்று எழுதியவர் பெயர் தெரியவரும். பிறர் மாந்தரைத் தொடர்ந்து எழுதுவது தமிழுக்கும் புதிதல்ல. கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னைத் தொடர்ந்து விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதியது தெரிந்ததே. ஆனால் அது பத்திரிகை வாசகர் எல்லாருக்குமாக எழுதப்பட்டது. ஒரே ஒருவர் கேட்டதற்காக எழுதுவது வேறு காரியம்.

பொழுதுபோக்காக எழுதுகிறவரின் தலையாய குறை இதில்தான் தீர்கிறது. அவருக்குக் கருப்பொருள் பஞ்சமில்லை, நேரம்கூட எப்படியோ கிடைத்துவிடும். கிடைக்காதது வாசகர். பத்திரிகைக்கு அனுப்பினால் வருமா வராதா தெரியாது. போட்டிக்கு அனுப்பினால் கதையை நிச்சயம் படிப்பவர்கள் நடுவர்கள் மட்டுமே. தோற்ற கதையை ஏன் தள்ளினார்கள் என்று அவர்கள் சொல்வதும் அரிது. பரிமாற்றத்தில் கதை எழுதத் தொடங்கும் முன்பே அதற்கு ஒரு வாசகர் காத்திருக்கிறார். அவர் கேட்டு வாங்குகிற கதை என்பதால் படித்தே தீருவார்.

வாசகரைத் தேடும் இந்தத் தவிப்புக்கு மலாயாவில் நீண்ட வரலாறு உண்டு. 1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய ‘தமிழ் நேசன்’, 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ ஆகிய இரு நாளிதழ்களும் தோட்டம் தோட்டமாகப் போயின. அவற்றில் எழுதியவர்களில் பெரும்பாலோர் முழுநேர எழுத்தாளர் அல்லர்: தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், தோட்டத்துக் கிராணிமார், கடைச் சிப்பந்திகள், பால்மரம் வெட்டியவர்கள். பகலில் ஒரு வேலை, இரவில் மண்ணெண்ணெய் விளக்கில் எழுத்து.

பரிமாற்றத்துக்கு மிக அருகில் வரும் மலாயா முயற்சி, 1950இல் ‘தமிழ் நேச’னில் தொடங்கிய ‘கதை வகுப்பு’. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதை நடத்தினார்கள். சிறுகதை எழுதுவது எப்படி என்ற பாடம் பத்திரிகையிலேயே வந்தது, வாசகர்கள் எழுதி அனுப்பினார்கள், அனுப்பியவை மதிப்பிடப்பட்டன. கட்டடமும் கரும்பலகையும் இல்லாத அந்தப் பள்ளிக்கூடத்தில் பாடம் கேட்டவர்களில் பலர் பின்னாளில் மலேசியச் சிறுகதையில் பெயர் பெற்றார்கள். கதை எழுதுவது பிறவிக் கொடை என்று ஒதுங்கியிருந்தவர்களை, அது பழகினால் வரும் கைத்தொழில் என்று நம்பவைத்ததே அந்த வகுப்பின் சாதனை. மலேசியத் தமிழ் இலக்கியம் பற்றிப் பேசுகிறவர்கள் எந்தப் பெரிய நாவலையும்விட இந்தச் சிறிய வகுப்பை முதலில் குறிப்பிடுவது நியாயமே.

இடைசெவலில் பிறந்து, 1952இல் சென்னையிலிருந்து மலாயா வந்த கு. அழகிரிசாமி, 1957 வரை ‘தமிழ் நேச’னில் பணியாற்றினார். கதை வகுப்பு எழுதக் கற்றுக்கொடுத்தது என்றால், அவர் எப்படிப் படிப்பது என்று காட்டினார். புதிதாக எழுத வந்தவர்களைக் கூட்டி வைத்துப் பேசினார், அவர்கள் எழுத்தைப் பார்த்துக் கொடுத்தார். அதே ஆண்டுகளில் அவருக்கும் கி. ராஜநாராயணனுக்கும் இடையே கடிதங்கள் போய்வந்துகொண்டிருந்தன. இருவரும் ஒரே ஊர்க்காரர்கள், பால்ய நண்பர்கள். இரண்டே பேர் இருந்த எழுத்துப் பரிமாற்றம் என்று அதையும் சொல்லலாம். அழகிரிசாமி மறைந்தபின் சாகித்ய அகாதெமி விருது பெற்ற தொகுப்பின் தலைப்பு ‘அன்பளிப்பு’. தனக்கென்று ஒரு டைரியும் தரப்படாத சிறுவனின் கதைதான் அதன் தலைப்புக் கதை. தன் பெயர் எழுதித் தரப்படுவதற்கு ஒரு மனம் எவ்வளவு ஏங்கும் என்பதைத் தமிழில் அதைவிட நன்றாகச் சொன்ன கதை வேறில்லை. பரிமாற்றம் நடத்துகிறவர்கள் தங்கள் வட்டத்தில் முதலில் படித்துக் காட்ட வேண்டிய கதை.

எழுதக் கற்றுக்கொடுக்கும் இந்த வழி மலேசியாவில் பின்னால் போட்டி வழியாக மாறியது. 1970களில் ‘தமிழ் நேசன்’ முருகு சுப்பிரமணியனின் ஆசிரியத்துவத்தில் பவுன் பரிசுத் திட்டத்தை நடத்தியது. 1986 முதல் மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை சிறுகதைப் போட்டி நடத்தி, பரிசு பெற்றவற்றைப் ‘பேரவைக் கதைகள்’ என்று தொகுத்து வெளியிட்டு வருகிறது. சங்கங்களும் கூட்டுறவுகளும் போட்டிகள் வைத்தன. போட்டிகளால் விளைந்த நன்மை பெரிது. பேரவைக் கதைகள் வழியாக வெளிச்சத்துக்கு வந்தவர்கள் பலர். ஆனால் கூடவே ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது: நடுவருக்குப் பிடிக்கும் என்று ஊகித்து எழுதுவது. கொடுமைக்காரக் கங்காணி, சம்சு குடித்துவிட்டு அடிக்கும் அப்பா, படிப்பை விட்டுக் காட்டுக்குப் போகும் மகள், கடைசியில் ஒரு சாவு. இவை எல்லாம் தோட்டத்தில் நடந்தவைதான். பரிசுக்காகத் திரும்பத் திரும்ப எழுதப்பட்டதால் அச்சில் வார்த்த வடிவமாகிப்போயின. 2019 தொடக்கத்தில் ‘தமிழ் நேசன்’ நிறுத்தப்பட்டபோது, ஞாயிறு தோறும் கதைக்கு இடம் தந்த ஒரு பழைய வாசலும் மூடியது.

ஈழத்தில் வேறொரு வழி தென்பட்டது. 1943இல் யாழ்ப்பாணத்தில் கூடிய தமிழ் இலக்கிய மறுமலர்ச்சிச் சங்கத்தார் தங்கள் ‘மறுமலர்ச்சி’யை முதலில் கையெழுத்து இதழாகவே சுற்றுக்கு விட்டு, 1946இல் அச்சுக்குக் கொண்டுபோனார்கள். கையெழுத்து இதழ் தமிழ் ஊர்கள் பலவற்றில் உண்டு. ஒரே பிரதி, படிக்கப்போகிறவர்கள் இன்னார் என்று எழுதுகிறவருக்குத் தெரியும். பரிமாற்றத்தின் சுவை அதில் பாதி இருந்தது.

மலேசியாவுக்குத் திரும்பினால், வட சிலாங்கூர் கதைப் பரிமாற்றத்துக்கு ஏற்ற நிலம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. சிலாங்கூர் ஆறு பிரேசர் மலைப் பக்கத்தில் பிறந்து, கோலா குபு பாருவைத் தொட்டுக்கொண்டு இறங்கி, கோலா சிலாங்கூரில் கடல் சேர்கிறது. மேல்முனையில் கலும்பாங், கெர்லிங், ராசா, பத்தாங் காலி. கீழ்முனையில் ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் பெஸ்தாரி ஜெயா. இடையில் நைகல் கார்ட்னர், மேரி, புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்று தோட்டங்கள். கித்தா போய்ச் செம்பனை வந்தது, நிலம் கைமாறியது, சனம் புக்கிட் பெருந்தோங், புக்கிட் செந்தோசா, ரவாங் தாமான்களுக்குச் சிதறியது. ஒரே லயத்தில் இருந்தபோது ஒருவர் எழுதியதை அடுத்த வீட்டுக்காரர் பசியாறும் நேரத்தில் படித்துக் காட்டக் கேட்டுவிடுவார். இன்று எழுதுகிறவருக்கு அந்த அடுத்த வீடு இல்லை. பரிமாற்றம் செயற்கையாக உண்டாக்கித் தருவது அந்த அடுத்த வீட்டைத்தான்.

கதை கேட்பதற்கான சரக்கும் இந்த ஆற்றங்கரையில் குறைவில்லை. 1883இல் பழைய கோலா குபுவின் அணை உடைந்து ஊரை வெள்ளம் கொண்டுபோனது; மாவட்ட அதிகாரி சீசில் ரேங்கிங் அதில் மாண்டார். அவர் வெள்ளை முதலை ஒன்றைச் சுட்டதால்தான் அணை உடைந்தது என்று ஊரில் ஒரு கதை இன்றும் உலவுகிறது. அதன்பின்னும் வெள்ளமும் வண்டலும் ஓயாததால், சார்லஸ் ரீட் வகுத்த திட்டப்படி மேட்டு நிலத்தில் புது ஊர் எழுந்தது. பெயரில் ‘பாரு’ சேர்ந்தது அப்படித்தான். கீழே கோலா சிலாங்கூரில் மலாவாத்தி குன்று, கலங்கரை விளக்கம், கம்போங் குவாந்தான் கரை மரங்களில் ஒன்றுபோல மின்னி அணையும் மின்மினிகள். இவற்றைச் சுற்றுலா விளம்பரத்தில் பார்க்கிற அளவுக்குத் தமிழ்க் கதையில் பார்க்க முடிவதில்லை.

இனி நடைமுறை. பரிமாற்றத்தின் உயிர் வேண்டுகோள் கடிதத்தில் இருக்கிறது; அதில் சோம்பல்பட்டால் மற்றதெல்லாம் வீண். ‘நல்ல கதையாக இருந்தால் போதும்’ என்று எழுதுவது பெருந்தன்மைபோலத் தெரியும். எழுதப்போகிறவருக்கு அதைவிடத் தொல்லை கிடையாது. அவர் மறுபடி நடுவரின் மனத்தை ஊகிக்கும் இடத்துக்கே தள்ளப்படுகிறார். நல்ல வேண்டுகோள் இரண்டு மூன்று திட்டமான ஆசைகளைச் சொல்லி, மிச்சத்தைத் திறந்து விடும். எடுத்துக்காட்டாக ஒன்று: ‘வெள்ளை முதலைக் கதையைச் சற்றும் நம்பாத ஒருவர் ஆற்றங்கரையில் தனியாக ஓரிரவு தங்க நேர்கிறது. பேய்க்கதையாக இருக்கலாம், சிரிப்புக் கதையாகவும் இருக்கலாம்.’ இன்னொன்று: ‘பெரட்டுக்குப் போகாமல் ஒளிந்துகொண்ட ஒரு பையனின் ஒரு நாள். மண்டோர் நல்லவராக இருக்கட்டும்.’ இந்த இரண்டாவதில் கடைசிச் சொற்றொடரைக் கவனிக்க வேண்டும். மண்டோர் நல்லவர் என்று ஒருவர் கேட்டுவிட்ட மாத்திரத்தில், அச்சில் வார்த்த தோட்டக் கதை உடைந்துவிடுகிறது. எழுதுகிறவர் புதிதாக யோசித்தே ஆக வேண்டும். போட்டியால் முடியாததைப் பரிமாற்றம் செய்வது இந்த இடத்தில்.

ஆசைக்கு இணையாக வேண்டாதவையும் எழுதப்பட வேண்டும். அண்மையில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவருக்குக் குழந்தை இறக்கும் கதையை அன்பளிப்பாகக் கொடுத்துவிடக் கூடாது. காரணம் சொல்லத் தேவையில்லை. ‘குழந்தை சாவு வேண்டாம்’ என்று எழுதினால் போதும், எழுதுகிறவர் அதை மீறக் கூடாது. ஆசைகள் கெஞ்சல், வேண்டாதவை கட்டளை. விரும்பியதில் ஒன்று விடுபட்டாலும் அன்பளிப்பு அன்பளிப்புதான். வேண்டாததில் ஒன்று நுழைந்துவிட்டால் ஒருங்கிணைப்பாளர் அதைத் திருப்பித் தர வேண்டும்.

மொழி பற்றியும் ஒரு வரி எழுதிவிடுவது நல்லது. மேல்முனைத் தோட்டத்துப் பேச்சில் எழுதலாமா, மலாய்ச் சொற்கள் கலக்கலாமா, செந்தமிழ்தான் பிடிக்குமா என்பதில் மலேசியத் தமிழ் வாசகர்களிடையே விருப்பங்கள் வெகுவாக வேறுபடுகின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு ‘லோரி’யும் ‘பாசா’வும் உறுத்தலாம், அவருடைய பேரப்பிள்ளை வயதுக்காரருக்கு அவை இல்லாத உரையாடல் பாடநூல்போல ஒலிக்கலாம்.

பங்கீட்டுக்குச் சீட்டுக் குலுக்கிப் போடுவது பழைய வழி. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பத்துப் பேர் தங்கள் பெயரை ஒரு டின்னில் போட்டு ஆளுக்கொன்று எடுத்தால், சீட்டுகள் 3,628,800 விதமாக விழலாம். அவற்றில் எவருக்கும் தம் பெயரே வராத விதங்கள் 1,334,961 மட்டுமே. அதாவது நூறு தடவை குலுக்கினால் ஏறக்குறைய அறுபத்து மூன்று தடவை, யாரோ ஒருவருக்காவது தம் சீட்டே கையில் வந்துவிடும். ஆள் கூடினாலும் இந்த விகிதம் அநேகமாக மாறாது. பெயர்களைக் குலுக்கி வட்டமாக அடுக்கி, ஒவ்வொருவரும் தமக்கு அடுத்தவருக்கு எழுதுவது என்று வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. மூன்று பேராவது இருந்தால் இருவர் மாறி மாறி எழுதிக்கொள்வதும் நேராது. அது நேரக் கூடாது. நேர்ந்தால் மொய்க்கணக்கு தொடங்கிவிடும்.

ஆனால் ஆசையும் திறமையும் பொருந்த வேண்டும் என்றால் வெறும் குலுக்கல் போதாது. சரித்திரக் கதை கேட்பவர் ஒருவர் மட்டும், எழுதத் தயாராக இருப்பவரும் ஒருவர் மட்டும் என்றால் அந்த இருவரை முதலில் இணைத்துவிட வேண்டும். எதையும் எழுதுவேன், எதையும் படிப்பேன் என்பவர்களைக் கடைசிக்கு வைத்துக்கொண்டால் கணக்கு எப்படியும் நேராகிவிடும். பன்னிரண்டு பேர் வரை கையாலேயே செய்யலாம். ஒரு மாலை நேரமும் ஒரு தாளும் போதும்.

கதையின் நீளத்துக்குக் கீழ் எல்லை வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் பத்துப் பக்கம் கொடுத்து அரைப் பக்கம் வாங்குவார், மனம் கசக்கும். யூல்டைடின் 1000 சொல்லைத் தமிழில் அப்படியே வைக்கத் தேவையில்லை. வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே கதை தமிழில் எழுநூறு, எண்ணூறு சொல்லில் அடங்கிவிடும். கால அளவு ஆறு வாரம் என்பது வேலைக்குப் போகிறவர்களுக்குப் பொருந்தி வரும். திறக்கும் நாள் தீபாவளியோ பொங்கலோ என்றால் நினைவில் நிற்கும். பண்டிகை மலருக்குக் காத்திருந்து கதை படித்த பழக்கம் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை.

தட்டச்சு தெரியாதவர்களை விலக்கக் கூடாது. தமிழ்க் கணிமைக்கு 1985இலேயே முரசு அஞ்சல் மென்பொருளைத் தந்தவர் மலேசியரான முத்து நெடுமாறன். இன்று கைப்பேசியில் தமிழ் எழுதுவது எளிது. ஆனாலும் வரியிட்ட தாளில் எழுதியே பழகிய பெரியவர்கள் உண்டு. அவர்கள் எழுதியதை இளையவர் ஒருவர் தட்டச்சு செய்து கொடுக்கலாம். கையெழுத்துப் பிரதியையே படமெடுத்துப் புலனக் குழுவில் போட்டால் எழுதியவர் யார் என்பது உடனே தெரிந்துபோகும். பெயர் மறைப்பு அத்துடன் முடிந்தது.

பெயர் மறைப்பு விளையாட்டுக்காக மட்டும் வைத்த விதி இல்லை. முன்னாள் தலைமையாசிரியர் எழுதிய கதை என்று தெரிந்தால் அவரிடம் படித்தவர் உண்மையான கருத்தைச் சொல்ல மாட்டார். பெயர் தெரியாத அந்தச் சில நாட்களில்தான் கதை கதையாகப் படிக்கப்படுகிறது. சின்ன வட்டத்தில் நடையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது உண்மை. கண்டுபிடித்தவர் வாயை மூடிக்கொள்வது நாகரிகம்.

எத்தனை உறுதி சொல்லிச் சேர்ந்தாலும் சிலர் நடுவில் கைவிரிப்பார்கள். காய்ச்சல், பிள்ளையின் தேர்வு, கூடுதல் வேலை, அல்லது வெறுமனே கதை வராமை. கைவிரிப்பதை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் குற்றமில்லை என்று விதி வைத்து, இறுதி நாளுக்கு இரண்டு வாரம் முன்பு ‘வருகிறதா?’ என்று ஒருமுறை கேட்டுவிட வேண்டும். விழுந்த இடத்தை நிரப்பக் கைகொடுப்பவர் இரண்டு பேர் தனியாக இருக்க வேண்டும். அவர்கள் வேகமாக எழுதக்கூடியவர்களாகவும், நன்றி எதிர்பாராதவர்களாகவும் இருப்பது நல்லது. கதை கொடுத்த ஒருவர் கதை வாங்காமல் திரும்பினால் அடுத்த ஆண்டு வட்டம் கூடாது. சொல்லாமல் நழுவியவரை அடுத்த சுற்றில் சேர்த்துக்கொள்வதில்லை என்பது கடுமையாகத் தோன்றும். இந்த ஒரு விதியில் தளர்ந்த குழுக்கள் நீடிப்பதில்லை.

கதையைப் பெற்றவருக்கு ஒரே கடமை: படித்துவிட்டு எழுத வேண்டும். ‘அருமை’, ‘வாழ்த்துகள்’, கைகூப்பும் படம் ஆகியவை கணக்கில் சேராது. எந்த இடத்தில் சிரித்தார், எந்த மாந்தர் மனத்தில் நின்றார், எந்த வரியில் நிறுத்தினார் என்று நாலு வரி போதும். குறை சொல்லலாமா என்பது எல்லாப் பரிமாற்றங்களிலும் எழும் கேள்வி. அன்பளிப்பில் குறை சொல்வதில்லை என்பதே பொது வழக்கம். இங்குதான் பரிமாற்றத்தின் பலவீனமும் இருக்கிறது. எல்லாரும் எல்லாரையும் மெச்சிக்கொண்டிருந்தால் பத்தாவது சுற்றிலும் முதல் சுற்றின் பிழைகளே வரும். கதை வகுப்பில் இருந்த கண்டிப்பான வாத்தியார் பரிமாற்றத்தில் இல்லை. ஆகவே பெயர்கள் வெளிவந்து ஒரு மாதம் கழித்து, விரும்புகிறவர்கள் மட்டும் தங்கள் கதையைத் திறனாய்வுக்கு வைக்கும் கூட்டம் ஒன்றைத் தனியாக நடத்துவது உதவும். அன்பளிப்பும் திறனாய்வும் ஒரே நாளில் நடந்தால் இரண்டும் கெடும்.

கடைசியாக உரிமை. கதையை ஒருவருக்கு அன்பளிப்பாகத் தந்தாலும் காப்புரிமை எழுதியவரிடமே இருக்கும். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி இலக்கியப் படைப்புக்கான உரிமை ஆசிரியரின் வாழ்நாளுக்கும் அதற்குப் பின் 50 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. பெற்றவர் அதைத் தம் பெயரில் வெளியிடவோ, எழுதியவரைக் கேட்காமல் மலரில் சேர்க்கவோ கூடாது. எழுதியவர் அதைப் பின்னர் பத்திரிகைக்கு அனுப்ப விரும்பினால் பெற்றவரிடம் ஒரு சொல் சொல்லிவிடுவது மரியாதை. ‘இன்னாருக்காக எழுதப்பட்டது’ என்று தலைப்பின் கீழ் போட்டால் இன்னும் நல்லது. பெரும்பாலான சிறுகதைப் போட்டிகள் எங்கும் வெளிவராத கதையையே கேட்கின்றன. எனவே பரிமாற்றக் கதைகளைத் தொகுப்பு நூலாக அச்சிடும் முன், போட்டிக்கு அனுப்ப நினைப்பவர்களின் கதைகளை ஒதுக்கி வைக்க வேண்டும். இதைச் சேரும் நாளிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டால் பின்னால் மனத்தாங்கல் வராது.